வாங்குக்கு ஒரு நட்சத்திரம், மிஸ்ஸுக்கு ஐந்து: எங்கள் பகுதி எம்.ஓ.எச். கிளினிக்

சின்னவனுக்கு ஆறாம் மாத ஊசி போன கிழமை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் முடிந்தது. மூத்தவளுக்கும் இதே இடம்தான், ஆகவே இந்தக் கிளினிக்கின் விறாந்தையில் நான் உட்கார்ந்த மணித்தியாலங்களைக் கூட்டினால் ஒரு டிப்ளோமாவே முடித்திருக்கலாம். திருகோணமலைக்கு மாற்றலாகி வருகிறவர்களும் முதல் பிள்ளை தங்கியவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அரசாங்கக் கிளினிக்குக்குப் போவதா, பிரைவேட்டில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணிப் பார்ப்பதா? காசு இருந்தால் சனலும் பண்ணுங்கள், ஆனால் கிளினிக்கை விடாதீர்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குறைகள். மறைக்க ஒன்றுமில்லை.

ஏழரைக்கு நம்பர் எடுத்தால் டொக்டர் வர பத்தரை. வாங்குகள் மூன்று, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும், எட்டு மாத வயிற்றோடு அதில் உட்காருவது ஒரு கலை. பாத்ரூம் பற்றி எழுத மாட்டேன். எனக்கு வாய்த்த டொக்டருக்குத் தமிழ் ஓடாது, நல்ல மனுசன், ஆனால் வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு குறைந்த மாதிரி இருக்கிறது என்பதை நான் சொல்லி, எங்கள் மருத்துவிச்சி மிஸ் சிங்களத்தில் சொல்லி, அவர் கேட்டதை மிஸ் திரும்பவும் தமிழில் சொல்லி முடிக்கும்போது நான் சொன்னதில் பாதி வழியில் சிந்திவிட்டது. ஒரு முறை கையில் தந்த துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் மட்டும். 2022 நெருக்கடி நேரம் திரிபோஷா சத்துமா இல்லை என்று பல மாதம் வெறும் பையோடு திரும்பியவர்களையும் தெரியும். அது இந்தக் கிளினிக்கின் பிழை இல்லை, நாடு முழுக்க அதே கதை. ஆனாலும் அந்த வருடம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒருத்தியிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இனி மிஸ்ஸின் கதை.

குடும்பநல உத்தியோகத்தர் என்பது கடதாசியில். எங்களுக்கு அவர் மிஸ். சுமார் மூவாயிரம் சனத்துக்கு ஒருவர் என்பதுதான் அரசாங்கக் கணக்கு. வலிவரும்போது கூப்பிடுகிற பழைய மருத்துவிச்சி வேலை இல்லை இது. யார் கலியாணம் முடித்தது, யாருக்குத் தள்ளிப் போயிருக்கிறது, யாருக்குப் போன பிள்ளை எடை குறைந்து பிறந்தது எல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். எனக்கு இரண்டாவது தங்கியதை என் சொந்த அம்மாவுக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் அவர்தான், அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

சின்னவன் பிறந்து ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு, ஐந்தாம் நாள், வெயில் ஏறும் நேரம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பிள்ளை நித்திரை. மாமி பெருமையாக, "பாருங்கோ மிஸ், நல்ல பொன் நிறம், எங்கட பக்கம்" என்றார். மிஸ் சிரிக்கவில்லை. "தங்கச்சி, பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டு வாங்கோ, உடுப்பைக் கழற்றுங்கோ." நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்தார், அழுத்திய இடம் மஞ்சள். நெஞ்சில், வயிற்றில், கடைசியாக உள்ளங்காலில். அங்கேயும் மஞ்சள். எத்தனை தரம் பால் குடிக்கிறான், எத்தனை தரம் மூத்திரம் போகிறான் என்று கேட்டார். நான் "நல்லா நித்திரை கொள்கிறான் மிஸ், கரைச்சலே இல்லை" என்றேன். "அதுதான் எனக்குப் பயம்" என்றார். மாமி விடியக்காலை வெயிலில் காட்டலாமே என்று தொடங்க, "வெயில் பிறகு, இப்ப ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்று அதோடு நிறுத்தினார். வாட்டில் குதிக்காலில் குத்தி இரத்தம் பார்த்து, கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துக்குக் கீழே இரண்டு நாள் போட்டிருந்தார்கள். அந்த மஞ்சள் அளவுக்கு மிஞ்சி ஏறினால் மூளையைத் தாக்கும், பிறகு வாழ்நாள் முழுக்கத் திருத்த முடியாது என்று அங்கே இருந்த டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

இந்த வேலைக்கு மிஸ் எங்களிடம் வாங்கியது ஒரு பிளேன் டீ. அதையும் பாதி குடித்தார்.

அம்மம்மா மூதூர். அவர் பெற்றது ஒன்பது, வளர்த்தது ஆறு, அதை வருத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார், அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பார். இரவில் வலி கண்டால் விடியும்வரை லாஞ்ச் இல்லை, பெரியாஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம். கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வது மிகையில்லை: மலேரியா ஆட்டிவைத்த 1935 இல் இலங்கையில் பிறந்த ஆயிரத்தில் 263 பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. 1946 இல் 141, அடுத்த வருடமே 101. டிடிடி அடித்து மலேரியாவை அடக்கியதற்கு அந்த இறக்கத்தில் பங்கு உண்டு. ஆனால் மருந்தடித்து மட்டும் இறங்கிய கணக்கில்லை இது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான், மிஸ் வீட்டுக்கு வருகிற இந்த ஏற்பாடு, ஊர் ஊராகப் பரவியது. 1945 க்குப் பிறகு இலவசக் கல்வியில் பெண்பிள்ளைகள் படித்தார்கள், படித்த தாய் கிளினிக் அட்டையை வாசித்தாள். இன்று ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கம். எங்களைவிட எத்தனையோ மடங்கு பணக்கார அமெரிக்காவில் ஐந்தோ ஆறோ. ஆடுகிற வாங்கில் இருந்துகொண்டு இதை நினைத்தால் கொஞ்சம் திமிர்கூட வரும்.

ஊசி பற்றிச் சுருக்கமாக: 2008 இலிருந்து தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி உட்பட ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில். அன்றிரவு காய்ச்சல் வரலாம், மிஸ் சொன்ன அளவுக்கு மட்டும் பனடோல் பாணி கொடுங்கள், பக்கத்து வீட்டு அளவுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்று கிழமைப் பிள்ளை ஒன்று தவறிப்போனது. இரவு காய்ச்சல், பால் குடிக்கவில்லை, விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள். சில நாள் கழித்து மிஸ்ஸும் எம்.ஓ.எச். டொக்டரும் அந்த வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: எத்தனை மணிக்கு உடம்பு சுட்டது, யார் முதலில் பார்த்தது, ஓட்டோ எத்தனை மணிக்குக் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள். சண்டை பிடிக்க வந்தார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளையின் அப்பா முதலில் வாசலிலேயே மறித்தார். அவர்கள் பேசிய விதத்தில் பிறகு அவரே கதிரை எடுத்துப் போட்டார். அடுத்த கிளினிக் நாளில் மிஸ் எல்லாரையும் இருத்தி, பெயர் எதுவும் சொல்லாமல், பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு குளிர்தல், பால் மறுத்தல், வேகமாக மூச்சிழுத்தல், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் விடியப் பார்க்காதீர்கள், 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சாவை எழுதி மூடி வைக்காமல் அதிலிருந்து கேள்வி எடுக்கிற இந்தப் பழக்கம் எந்த சனல் சென்டரிலும் கிடைக்காது.

பிள்ளைச் சாவுக் கணக்கை இதற்கு மேல் கிளினிக்கால் கீழே இழுக்க முடியாது என்பதும் உண்மை. ஊசியாலும் சுத்தமான தண்ணீராலும் காப்பாற்றக்கூடிய பிள்ளைகளைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது போகிறவை அதிகமும் முதல் மாதத்தில், அதிலும் முதல் கிழமையில், மாதம் நிரம்பாமல் பிறந்தவையும் பிறவிக் குறை உள்ளவையும். அதற்கு இன்கியுபேட்டர் வேண்டும், இரவு இரண்டு மணிக்கும் அதன் பக்கத்தில் நிற்க பழகிய நேர்ஸ் வேண்டும், குச்சவெளியிலிருந்தோ வெருகலிலிருந்தோ சூடு குறையாமல் கொண்டுவர வாகனம் வேண்டும். அம்மாவின் நெஞ்சோடு தோல்படக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறைக்குச் செலவே இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் தேவை, அதுவும் தாய்க்கு விளங்குகிற பாஷையில். தமிழ் தெரிந்த ஆளைப் போடுவது இயந்திரம் வாங்குவதை விட மலிவு என்று நினைக்கிறேன், யாரும் என்னைக் கேட்கவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு: தண்ணீரும் விசிறியும் கொண்டு போங்கள், பிள்ளையின் புத்தகத்தை மறக்காதீர்கள், ஐந்து உடுப்புப் போட்டுக் கொண்டு போகாதீர்கள், எல்லாவற்றையும் கழற்றித்தான் தொங்கு தராசில் போடுவார்கள், புத்தகத்தில் எடைப் புள்ளி பச்சைக்குள் விழும்வரை உங்களுக்கும் மூச்சு வராது. மிஸ் வீட்டுக்கு வருகிற நாளில் மேசையில் மாப்பால் டின் இருந்தால் எடுத்து மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாமி அலுமாரிக்குப் பின்னால் வைத்ததையே கண்டுபிடித்தார்.