நீல லைட் எரிந்தால் மட்டும் போதுமா?

மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி இருக்கிறது என்று இங்கே இங்கிலாந்தில் நண்பர்கள் கேட்பார்கள். இந்தத் தடவை என் பதில் கொஞ்சம் நீளம். தங்கை பிரசவத்துக்குத் திருமங்கலம் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் என்ற முறையில் நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். சுகப்பிரசவம்தான். ஆனால் இரண்டாம் நாளே பிள்ளையின் முகத்தில் மஞ்சள் தட்டியது. தங்கை ஓ பாசிட்டிவ், பிள்ளை பி பாசிட்டிவ். ரத்த வகை இப்படி ஒத்துப்போகாதபோது மஞ்சள் சீக்கிரம் வந்து மளமளவென்று ஏறக்கூடும்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. காலையில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வாட்ஸப்பில் வந்துவிட்டது. ரத்தத்தில் சேர்ந்து மஞ்சளாக்கும் பிலிருபின் 17. (இங்கிலாந்தில் இதையே 290 என்பார்கள், அலகு வேறு.) "லைட்ல வச்சிருவோம் சார், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பிறந்த நர்சிங் ஹோமிலேயே வைத்தார்கள்.

அந்த லைட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பழைய ஸ்டாண்டில் நீலக் குழல் விளக்குகள். இரண்டு குழல்களின் முனை கறுத்துப் போயிருந்தது. தொட்டிலுக்கு வெகு உயரத்தில் தொங்கியது. கீழே பிள்ளை சட்டை, கையுறை, காலுறை, தொப்பி எல்லாம் போட்டு, கண்ணுக்குப் பட்டையும் கட்டிப் படுத்திருந்தான். "பச்சப் பிள்ளைக்குக் குளிரும்டா" என்று அம்மாச்சி மேலே ஒரு துண்டையும் போர்த்தியிருந்தார். வெளிச்சம் பட்டதெல்லாம் கன்னத்தில் மட்டும். சிஸ்டர் இரண்டு முறை வந்து பார்த்தார், துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 18.5. லைட் எவ்வளவு பவர் என்று அளந்தீர்களா என்று கேட்டேன். "நல்லாத்தானே சார் எரியுது" என்றார்கள். பில்லில் லைட்டுக்கு நாள் வாடகை மட்டும் தவறாமல் ஏறியிருந்தது.

நன்றாக எரிகிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பிலிருபினை மாற்றுவது 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட நீலப் பச்சை ஒளி. அது தோலில் பட்டால் பிலிருபின் நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி, பிஞ்சுக் கல்லீரலின் தயவு இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். எவ்வளவு தோலில் படுகிறது, எவ்வளவு பலத்தோடு படுகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. லைட்டைத் தீவிரமாக வைக்க வேண்டும் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு, ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்குக் குறைந்தது 30 மைக்ரோவாட் பலம் வேண்டும். விளக்கு தள்ளிப் போகப் போக இது சரசரவென்று குறையும். குழல் விளக்கு வயதாக ஆகப் பலம் இழக்கும், ஆனால் பார்வைக்கு அதே நீலமாகத்தான் இருக்கும். கையடக்க மீட்டர் ஒன்றால் அளந்தால்தான் தெரியும்.

அன்று ராத்திரியே மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்இடி, மேலே ஒன்று, கீழே ஒன்று. டயப்பர் தவிர எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். துண்டை எடுக்க அம்மாச்சியிடம் வாதாடியது அந்தச் சிஸ்டர்தான், நான் இல்லை. சட்டையைக் கழற்றியபோது வயிறும் தொடையும் கன்னத்தைவிட அடர் மஞ்சளாக இருந்ததைப் பார்த்ததும் அம்மாச்சி வாயை மூடிக்கொண்டார். விளக்கை இறக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் வீணாகாமல் இருக்க வெள்ளைத் துணி கட்டி, பிள்ளையின் வயிற்றுக்கு நேரே மீட்டரை வைத்து அளந்து சார்ட்டில் எழுதினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால். சீனித் தண்ணி கூடவே கூடாது. நடுவில் கரண்ட் போனபோதும் பேட்டரியில் லைட் அணையாமல் ஓடியது.

கன்னத்துக்கும் வயிற்றுக்கும் இருந்த இந்த வித்தியாசத்திலிருந்துதான் இந்த வைத்தியமே பிறந்தது. நான் இருக்கும் எசெக்ஸில், பக்கத்து ஊரான ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், 1956-இல் சிஸ்டர் ஜீன் வார்டு குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப் போவாராம். ஒரு குழந்தையின் உடம்பு வெளுத்திருக்க, போர்வை மூலை மூடிய முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்ததை டாக்டர்களிடம் காட்டினார். அங்கிருந்த டாக்டர் கிரீமரும் கூட இருந்தவர்களும் விளக்கு செய்து பார்த்து, 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆக, பிள்ளையை இளவெயிலில் காட்டச் சொல்லும் அம்மாச்சியின் பேச்சும் வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஆனால் வெயிலுக்கு அளவு வைக்க முடியாது, புறஊதாவும் சூடும் சேர்ந்தே வரும். 17-ஐத் தாண்டிய பிள்ளையை மாடி வெயிலை நம்பி வைத்திருப்பது ஆபத்து. பிலிருபின் மிக அதிகமானால் மூளையையே பாதிக்கும்.

நல்ல கருவிக்கு வெளிநாட்டைப் பார்க்கவும் வேண்டாம். அமெரிக்காவின் டி-ரெவ் அமைப்பு குறைந்த விலையில் வடிவமைத்த பிரில்லியன்ஸ் எல்இடி விளக்கைத் தயாரித்தது சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்தான். நல்ல விளக்கு வாங்கினால் மட்டும் போதாது. அதை எந்த உயரத்தில் வைப்பது, பிள்ளைக்கு எதைக் கழற்றுவது என்று சிஸ்டர்களுக்குச் சொல்லித் தரவும் வேண்டும். முதல் நர்சிங் ஹோமில் அதே பழைய ஸ்டாண்டை இறக்கி, துண்டை எடுத்து, அந்த இரண்டு குழலை மாற்றியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். செலவும் பெரிதாக ஆகியிருக்காது.

இன்னொரு விஷயம். லைட்டில் இருந்த பிள்ளையின் தோல் வெளுத்துத்தான் தெரியும், அதை வைத்து "இறங்கிடுச்சு" என்று முடிவு கட்டக் கூடாது, ரத்தம்தான் பார்க்க வேண்டும். மதுரையில் 11-க்கு வந்ததும் லைட்டை நிறுத்தினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே மறுநாள் ரத்தம் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்தார்கள். போனோம், 12. நிறுத்தியபின் இப்படிக் கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான், மறுபடி லைட் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.