மென்ஸாவிலிருந்து மினிமுஸுக்கு: எட்டு வயது மகளின் இலத்தீன் பாடநூலை மாற்றிய அனுபவம்

நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். இங்கு வீட்டுவழிக் கல்வி தனியார் பள்ளிக் கல்வியின் ஒரு வகையாகவே கருதப்படுகிறது. 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் அதை உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் கற்பிக்க வேண்டும் என்பதைத் தவிரப் பெற்றோருக்குப் பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் இலத்தீன் கிடையாது. ஆனால் செவ்வியல் கல்வி முறையைப் பின்பற்றும் குடும்பங்களிடையே ஏழெட்டு வயதிலேயே அதைத் தொடங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தை உள்ளிருந்து புரிந்துகொள்ள இலத்தீனைவிட நல்ல வழி இல்லை என்பது அவர்களின் நம்பிக்கை. நானும் அதை நம்பித்தான் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது இலத்தீனும் ஆங்கில இலக்கணமும் சேர்ந்த ஒரு தொகுப்பு. அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. பல குழந்தைகளுக்கு அது நன்றாகவே பயன்பட்டிருக்கக்கூடும். வாரத்துக்குச் சில சொற்கள், ஒரு சிறு பிரார்த்தனை, ஒரு வேற்றுமை அட்டவணை என்று இலத்தீன் பாடம் நகரும். இலக்கணப் பாடத்தில் பெற்றோர் சொல்ல வேண்டிய வாக்கியமும் குழந்தை சொல்ல வேண்டிய விடையும் நாடக வசனம்போல அச்சிடப்பட்டிருக்கும். நான்கு மாதங்களில் என் மகள், மேசை என்று பொருள்படும் 'மென்ஸா'வின் வேற்றுமை வடிவங்களை 'மென்ஸா, மென்ஸே, மென்ஸே, மென்ஸம், மென்ஸா' என்று தூக்கத்திலும் ஒப்பிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். மனப்பாடத்தை இகழும் கூட்டத்தில் நான் இல்லை. பதினாறாம் வாய்பாடு இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. ஆனால் 'மென்ஸம்' என்ற சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டபோது, அது பட்டியலில் நான்காவதாக வரும் என்று அவள் விடை சொன்னாள். அன்றைக்கே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றாக எடுத்தது 'மினிமுஸ்'. பார்பரா பெல் எழுதி, ஹெலன் ஃபோர்ட் படங்கள் வரைந்த இந்நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999இல் வெளியிட்டது. ஏழு முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கானது. மினிமுஸ் என்றால் மிகச் சிறியது என்று பொருள். அந்தச் சொல்லின் கடைசி அசையான 'முஸ்' என்பதற்கு எலி என்று பொருள். கதையின் எலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. வட இங்கிலாந்தில் பின்னாளில் உரோமானியப் பேரரசர் ஹேட்ரியனின் எல்லைச் சுவர் எழுந்த இடத்துக்கு அருகே இருந்த விந்தோலாந்தா என்ற உரோமானியக் கோட்டையில், கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைச் சுற்றிப் படக்கதையாகப் பாடங்கள் செல்கின்றன. தந்தை ஃபிளாவியுஸ், தாய் லெபிதினா, அவர்களின் பிள்ளைகள், அடிமைகள், விப்ரிஸ்ஸா என்ற பூனை என்று ஒரு வீடே அதில் இருக்கிறது. ஒவ்வோர் அதிகாரத்திலும் படக்கதையோடு சிறிது இலக்கணம், உரோமானிய வாழ்க்கை பற்றிய ஒரு குறிப்பு, ஒரு தொன்மக் கதை ஆகியவை வருகின்றன.

பெற்றோரும் வீட்டு எலியும் வெறும் கற்பனைப் பாத்திரங்கள் என்று நினைத்திருந்தேன். எலியைப் பற்றி மட்டும் நான் நினைத்தது சரி. படைத்தலைவர் ஃபிளாவியுஸ் கெரியாலிஸும் அவர் மனைவி சுல்பிகியா லெபிதினாவும் உண்மையாகவே அந்தக் கோட்டையில் வாழ்ந்தவர்கள். 1973 முதல் அங்கே ஈரமண்ணிலிருந்து கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகைகளில் அவர்களுக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கிளாவுதியா செவெரா என்ற தோழி, செப்டம்பர் 11ஆம் நாள் தன் பிறந்தநாளுக்கு வரும்படி லெபிதினாவை அழைக்கிறாள். கடிதத்தை வேறொருவர் எழுத, இறுதி வரிகளை மட்டும் தன் கையால் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண்ணின் கையெழுத்தில் இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய இலத்தீன் வரிகளில் அவையும் அடங்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பலகையின் படத்தைக் காட்டியபோது, இந்த மொழியைப் பேசிய ஒருத்திக்குப் பிறந்தநாள் இருந்திருக்கிறது என்ற எண்ணமே என் மகளுக்குப் புதிதாக இருந்தது. பழைய தொகுப்பின் நான்கு மாதங்களில் அவள் இலத்தீனை ஒருவர் பேசிய மொழியாக நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த மாற்றத்தால் நாங்கள் அடைந்த மிகப் பெரிய பயனுக்கு நூலாசிரியர் பொறுப்பல்லர். அட்டவணைக்குப் பதிலாக வாக்கியங்கள் கைக்கு வந்ததும், அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்ப்பதைவிடத் தமிழில் பெயர்த்துப் பார்ப்பது எளிதாக இருப்பதைத் தற்செயலாகக் கண்டோம். 'புவெல்லா ரோஸம் அமத்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொற்களைக் கலைத்து அடுக்க வேண்டும். தமிழிலோ 'சிறுமி ரோஜாவை நேசிக்கிறாள்' என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் நிற்கிறது. 'ரோஸம்' என்பதன் ஈற்றில் உள்ள 'ம்' நம் 'ஐ' உருபு செய்யும் வேலையையே செய்கிறது. 'அமோ, அமாஸ், அமத்' என்பவற்றில் எழுவாய் ஏன் இல்லை என்று விளக்குவதற்கு ஆங்கில வழிப் பாடம் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டது. 'வருகிறேன், வருகிறாய், வருகிறாள்' என்று நாள்தோறும் பேசும் குழந்தைக்கு அந்தப் பக்கமே தேவையில்லை.

இந்த ஒப்புமை இன்னும் நீள்கிறது. 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'மிஹி பிளகெத்'. 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்' என்பதற்கு 'மிஹி ஃபிராதெர் எஸ்த்'. இரண்டிலும் நான்காம் வேற்றுமையே வருகிறது. 'பார்க்கிறாயா?' என்று நாம் ஈற்றில் ஆகாரத்தை ஒட்டுவதுபோல் அவர்கள் 'விதேஸ்னே?' என்று 'னே'யை ஒட்டினார்கள். நம் 'உம்' போலச் சொல்லோடு ஒட்டும் 'க்வே' உரோமானியரின் புகழ்பெற்ற 'செனாதுஸ் பொபுலுஸ்க்வே ரோமானுஸ்' (உரோமானிய ஆட்சிமன்றமும் மக்களும்) என்ற தொடரிலேயே இருக்கிறது. நாம் இரண்டு சொல்லிலும் சேர்ப்பதை அவர்கள் இரண்டாவதில் மட்டும் சேர்த்தார்கள். குறில், நெடில் வேறுபாடும் பொருளை மாற்றும்: 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த குழந்தைக்கு உயிரெழுத்தின் மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டிய இதை என் மகள் தமிழில் எழுதிக்கொண்டாள்.

இதில் ஒரு சிக்கலையும் அவளே கண்டுபிடித்தாள். செயப்படுபொருளுக்கு 'ஐ' வரும் என்று நான் சொல்லி முடித்த அன்று மாலையே, "பால் குடிச்சேன்னுதானேம்மா சொல்றோம், பாலைக் குடிச்சேன்னு சொல்றதில்லையே" என்று கேட்டாள். உருபு மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத்தொகையை அவளுக்கு விளக்க நான் என் ஒன்பதாம் வகுப்பு நினைவுகளைத் தோண்ட வேண்டியிருந்தது. இலத்தீனில் அப்படித் தொக்கி நிற்கும் சலுகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பாலினத்திலும் தமிழ் உதவாது. மேசை பெண்பாலாம்! திணைப் பாகுபாட்டில் வளர்ந்தவளுக்கு இது இன்றுவரை சிரிப்பை மூட்டுகிறது.

மாற்றம் இடறலே இல்லாமல் நடந்துவிடவில்லை. பழைய தொகுப்பு தேவாலய உச்சரிப்பைக் கற்பித்தது. மினிமுஸ் செவ்வியல் உச்சரிப்பைப் பின்பற்றுகிறது. அவள் 'சேலும்' என்று பழகிய வானம் 'கைலும்' ஆயிற்று. உரோமானியப் பேச்சாளர் சிச்செரோ கிக்கெரோ ஆனார். அதைத் திருத்த ஏறக்குறைய ஆறு வாரங்கள் பிடித்தன. வேற்றுமைகளின் வரிசையும் வேறு. அமெரிக்க நூல்கள் எழுவாய்க்கு அடுத்து உடைமை வேற்றுமையை வைக்கின்றன. இங்கிலாந்தில், 19ஆம் நூற்றாண்டில் கென்னடி என்ற ஆங்கிலேயப் பள்ளித் தலைமையாசிரியரின் இலத்தீன் இலக்கண நூல் நிலைநிறுத்திய வரிசைப்படி, செயப்படுபொருள் வேற்றுமை முன்னே வந்துவிடுகிறது. நம் மரபிலும் இரண்டாம் வேற்றுமை 'ஐ' என்பதால் சுவரில் ஒட்டும் அட்டவணையை இங்கிலாந்து வரிசையிலேயே எழுதினேன். நடுவில் மாறுவதாக இருந்தால் இந்த இரண்டையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

மினிமுஸ் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். அது ஒரு தொடக்க நூல். முழு வேற்றுமை அட்டவணைகளை முன்னிறுத்துவது அதன் நோக்கம் அன்று. வரிசையாக, ஒன்றும் விடாமல், ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் என்று போகும் பாடத்தை விரும்பும் பெற்றோருக்கு அது விளையாட்டுப் புத்தகம்போலத் தோன்றலாம். இலத்தீன் அறியாத பெற்றோர் தனியாக விற்கப்படும் ஆசிரியர் நூலையும் சேர்த்து வாங்குவதே முறை. நான் முதலில் வாங்காமல் இருந்துவிட்டு, ஒரு வாக்கியத்துக்கு மூன்று இரவுகள் அகராதியோடு உட்கார்ந்த பிறகுதான் வாங்கினேன். பயிற்சிக்காகப் படக்கதையின் வாக்கியங்களில் பெயர்களை மாற்றி, வாரத்துக்குப் பத்து வாக்கியங்கள் நானே எழுதிக் கொடுக்கிறேன். அந்த வாக்கியங்களில் பூனை பெரும்பாலும் தோற்றுப்போக வேண்டும் என்பது மகளின் நிபந்தனை.

ஆங்கில இலக்கணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வசனப் புத்தகத்தை விட்டுவிட்டு, ரீட், கெல்லாக் என்ற அமெரிக்க ஆசிரியர்கள் 1877இல் அறிமுகப்படுத்திய வாக்கிய வரைபடத்தை எடுத்துக்கொண்டோம்: ஒரு கிடைக்கோடு, எழுவாய்க்கும் வினைக்கும் இடையே அதை வெட்டிச் செல்லும் குத்துக்கோடு, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே கிடைக்கோட்டின் மேலேயே நின்றுவிடும் குட்டைக்கோடு. நாளுக்கு ஒரு வாக்கியம், பத்து நிமிடம். குட்டைக்கோட்டுக்கு அப்பால் உள்ள சொல்லுக்குத் தமிழில் 'ஐ' சேர்த்துப் பார்த்து அவள் சரிபார்த்துக்கொள்கிறாள். இதற்கு ஒரு வெள்ளைப் பலகையைத் தவிர வேறு செலவு இல்லை.

பழைய தொகுப்பைக் கோடையில் நடந்த பயன்படுத்திய பாடநூல் விற்பனையில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்த சொல்லட்டைகளை மட்டும் கொடுக்க மகள் சம்மதிக்கவில்லை. அவற்றின் பின்புறத்தில் ஆங்கிலப் பொருளுக்குக் கீழே பென்சிலால் தமிழ்ப் பொருளை எழுதிக்கொண்டு வருகிறாள். இப்போது ஏறத்தாழ எழுபது அட்டைகள் முடிந்திருக்கின்றன.