காதுக்குப் பேசுகிறவர்களும் கண்ணுக்குப் பேசுகிறவர்களும்: ஒன்பது வருஷ ரேடியோ, ஐந்து வருஷ பாட்காஸ்ட்

போன வாரம் இரயுமன்துறைக் கடற்கரையிலிருந்து, ஆழ்கடலில் மீன்பிடிக்கப் போகிற என் பள்ளித் தோழன் கூப்பிட்டான். "மக்கா, நீ வச்சிருக்கிய அந்தச் சின்ன ரேடியோ இப்ப விலை குறைஞ்சு கிடக்கு. வாங்கட்டா? இல்ல, நீ போன்ல கேக்கிய அரசியல் பேச்செல்லாம் போதுமா?" அன்றைக்குத்தான் நான் அதே ரேடியோவை மார்த்தாண்டத்தில் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தேன். போனில் அவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே கொஞ்சம் ரப்பர் தோட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. காலை நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். இரண்டு கையும் வேலையில் இருக்கும், கண் கத்தி முனையில் இருக்கும். சும்மா கிடப்பது காது ஒன்றுதான். இந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளும் நேரம். கீழே நான் சொல்வதெல்லாம் இப்படிக் கேட்கிறவனின் அனுபவம். சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

முதலில் ரேடியோ. 2016இல் வாங்கியது. எஃப்எம்மும் மீடியம் வேவும் உண்டு, இரண்டு பென்சில் செல் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். போன மழைக்காலத்தில் ஒரு செல் ஒழுகி உள்ளே இருந்த தகட்டை அரித்துவிட்டது. சத்தக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று வேறு இரைந்தது. பழுது பார்த்த அண்ணன் இன்னொரு செத்த செட்டிலிருந்து தகட்டையும் குமிழையும் எடுத்துப் போட்டு 150 ரூபாய் வாங்கினார். "இதுக்கெல்லாம் இனி உதிரி கிடைக்காது, பாத்துக்க" என்றும் சொல்லி அனுப்பினார். ஒன்பது வருஷத்தில் நான் செய்த செலவு, செல் வாங்கியதைத் தவிர்த்தால், இவ்வளவுதான்.

அந்தக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கை முழுக்க பால் ஒட்டியிருந்தாலும் மணிக்கட்டால் திருப்பிவிடலாம். போன் அப்படி இல்லை. கட்டை விரலில் பால் காய்ந்திருந்தால் ரேகையை எடுக்காது, திரை நகராது. நடுவில் விளம்பரம் வந்தால் அது முடிகிற வரை கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் ரேடியோ அப்பா காலத்துப் பழக்கம். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. இலங்கையில் சண்டை நடந்த வருஷங்களில் அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அதே வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல். எங்கள் தோட்டத்தில் விழுந்த மரங்களை எண்ணி முடிக்கவே இரண்டு நாள் ஆனது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. திண்ணையில் இந்தச் சின்ன ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கத்து ஆட்கள் பதினைந்து பேர் உட்கார்ந்து செய்தி கேட்டோம். அன்றைக்கு இது எனக்கு எவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்று விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நாகர்கோவில் வானொலியைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1984 அக்டோபர் 30ஆம் தேதி தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். எஃப்எம் 101இல் வருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டு இல்லை, கடல் எச்சரிக்கை. நான் மலையோரத்துக்காரன், எனக்கும் கடலுக்கும் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று கேட்டால் கத்தியை நிறுத்திவிட்டு நிற்பேன். மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக் கடற்கரை ஊரும் கிழக்கு ஓரத்து ஊரும். அந்த இரண்டு பெயருக்குள் எங்கள் கரை முழுவதும் வந்துவிடுகிறது. அலை இத்தனை மீட்டர், இன்று இத்தனை மணி முதல் நாளை இத்தனை மணி வரை என்று எண்களை நிறுத்தி, அவசரப்படாமல் சொல்வார்கள். கேட்பவன் கையில் பேப்பரும் இல்லை, கண் முன்னால் திரையும் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கிற வாசிப்பு அது. கள்ளக்கடல் வரும்போது உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து கரையேறும். வெளியூர்க்காரர்கள் வெறும் வெயிலைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்கிவிடுவார்கள். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்து போனது அப்படித்தான். அதற்குப் பிறகு அந்த எச்சரிக்கையை எந்த வேலை இருந்தாலும் நான் விடுவதில்லை.

இனி பாட்காஸ்ட், அதாவது போனில் இறக்கி வைத்துக் கேட்கிற பேச்சு நிகழ்ச்சி. 2020 ஊரடங்கில் அக்கா மகன் போனில் போட்டுக் கொடுத்தான். தோட்டத்தில் சிக்னல் நிற்காது, அதனால் இரவே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வேன். நாற்பது நிமிஷப் பேச்சு முடியும்போது மேல் வரிசை முடிந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு கோபத்தில் விட்டுவிடுவேன். எனக்கு இன்று தெரிந்த அரசியலில் பெரும்பகுதி பாட்காஸ்ட் கொடுத்தது. தொகுதி மறுவரையறை என்றால் என்ன, மக்களவைத் தொகுதிகளின் கணக்கு ஏன் 1971 மக்கள்தொகையிலேயே நின்றது, அந்த நிறுத்தம் ஏன் 2026ஐத் தாண்டினால் கேள்விக்கு வருகிறது, 39 தொகுதி உள்ள நமக்கு அதில் என்ன பயம் என்பதையெல்லாம் ஒரு அண்ணாச்சி ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். வானொலிச் செய்தியில் இதெல்லாம் வராது. காலை 6.45 மாநிலச் செய்தியில் அமைச்சர் தெரிவித்தார், அதிகாரி கேட்டுக்கொண்டார் என்று வரும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தனியார் எஃப்எம்காரர்கள் கேட்கலாமே என்றால் அவர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கவே அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். காற்றலை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். முப்பது வருஷம் ஆகிறது, அந்தச் சொத்தில் ஒரு கேள்வி கேட்க இன்னும் நமக்கு வழி இல்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. நாலு பேர் மைக்கை வாங்கி வைத்துக்கொண்டு பாட்காஸ்ட் பேச வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக நான் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சரி, இப்போது கோபம்.

ஒருநாள் நிதிப் பகிர்வைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. ஒன்றிய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பது பேச்சு. ஐம்பது நிமிஷம் அருமையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 15வது நிதிக்குழு பிரிக்கச் சொன்னது 41 சதவீதம் என்றார்கள். நான் மரத்தடியில் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "சரி, இதில் நமக்கு எவ்வளவு? இதோ இந்த டேபிளைப் பாருங்க" என்றார். அப்புறம் அமைதி. ஏழெட்டு விநாடி. பிறகு மற்றவர், "பாத்தீங்களா, எவ்வளவு அநியாயம்!" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எதைப் பார்க்க? இருட்டில் நிற்கிறேன், போன் சட்டைப் பையில் கிடக்கிறது. எந்த ஒரு எண்ணுக்காக ஐம்பது நிமிஷம் கேட்டேனோ, அதை மட்டும் வாயால் சொல்லவில்லை. வெட்டு முடித்து, கை கழுவி, பழையது குடித்துவிட்டு நானே தேடிப் பார்த்தேன். 4.079 சதவீதம். சொல்ல இரண்டு விநாடி ஆகுமா?

இது ஒரு நிகழ்ச்சியோடு போகிற குறை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். முன்பெல்லாம் பாட்காஸ்ட் என்றால் ஒலி மட்டும்தான். இப்போது கேமரா வைத்து வீடியோவாக எடுத்து, அதிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து எடுத்து இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். அதனால் "ஸ்கிரீன்ல பாக்கலாம்", "இந்த போட்டோவுல இடது பக்கம் நிக்கறவர்", "கீழ ஓடிட்டிருக்கு பாருங்க". பெயர் சொல்லாமல் "இவர்" என்று கை காட்டுவார்கள். எவர்? நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வீடியோவில் முகம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம், காதில் அது சந்தை இரைச்சல். தையல்காரர், வேன் ஓட்டுநர், அடுப்படியில் நிற்கிற பெண்கள், பார்வை இல்லாதவர்கள் என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறவர்கள் எவ்வளவு பேர்! அரசியல் தெரிய வேண்டியது எங்களுக்கும்தானே. தலைவரின் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

முடியாத காரியமும் இல்லை. 2024இல், கொல்லங்கோடு, இனயம் புத்தன்துறைப் பக்கம் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். அப்போது ஒரு பாட்காஸ்ட் கேட்டேன். கடற்கரைப் பெண் ஒருவர் தன் ஊர்ப் பேச்சிலேயே அரை மணி நேரம் பேசினார். பேட்டி எடுத்தவர் குறுக்கே விழவில்லை. அந்த மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமம் என்ன, அதிலிருந்து அணு எரிபொருளுக்கான தோரியம் வருவது எப்படி என்று நடுவில் மட்டும் சுருக்கமாகச் சொன்னார். பின்னால் காற்றும் அலையும் கேட்டது. ஒரு "பாருங்க" கூட இல்லை, ஆனாலும் அந்தக் கரையை நான் பார்த்தேன். அன்று கீழ் வரிசையில் பத்து மரத்தை வெட்டாமல் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து வெட்டினேன். வானொலியின் வாசிப்பு ஒழுங்கும் பாட்காஸ்டின் கேள்வியும் ஒன்றாக அமைந்தது அந்த ஒரு முறைதான்.

தோழனுக்குப் பதில். செட்டுக்கு என்னைக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. ஆனால் மக்கா, நீ வாங்காதே.

நீ ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் திரும்ப முப்பது நாள், நாற்பது நாள். எஃப்எம் அலை கோபுரத்திலிருந்து ஏறக்குறைய கண்ணுக்கெட்டுகிற தூரம்தான் ஓடும். எங்கள் தோட்டத்திலேயே மலைச் சரிவின் பின்பக்கம் போனால் இரைச்சல்தான், ஏரியலைக் கிழக்கே நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கரை மறைந்து சில மணி நேரத்தில் நம்ம நாகர்கோவில் எஃப்எம் உனக்குக் கிடைக்காது. ஒக்கி நேரத்தில் நீ கரையில் இருந்தாய். முன்கூட்டியே புறப்பட்டுப் போன உன் ஊர்ப் படகுகளுக்கு ரேடியோவும் எட்டவில்லை, போனும் எட்டவில்லை என்பதை எனக்குச் சொன்னவனே நீதான். உயிர்க் காரியத்துக்குப் படகில் இருக்கிற வயர்லெஸ்ஸையும் சாட்டிலைட் போனையும் நம்பு, அதை ஒழுங்காக வைத்துக்கொள். கரையில் இருக்கிற நாட்களுக்கு வீட்டில் உன் அம்மாவின் ரேடியோ இருக்கிறது. போனிலேயே எஃப்எம் வருமே என்று நினைக்காதே. 2023இல் அதை வைக்கச் சொல்லி ஒன்றிய அரசு கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது, அறிவுரை மட்டும்தான். என் போனில் இல்லை, உன் போனிலும் பார்த்தேன், இல்லை.

பேச்சு வேண்டும் என்றால் பாட்காஸ்ட்தான். இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்கிறேன். நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் ஓடுவது அது ஒன்றுதான். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் மெமரி கார்டைக் கொடுத்துவிடு. நாற்பது நாளுக்கு, நாளுக்கு ஒன்று என்று ஏற்றித் தருகிறேன். அந்தக் கடற்கரைப் பெண்ணின் பேச்சு முதலில் இருக்கும். ஒவ்வொன்றையும் நான் தோட்டத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். டேபிளைப் பாருங்க என்று எவராவது சொன்னால் அந்த நிகழ்ச்சி கார்டில் ஏறாது. நிதிப் பகிர்வு ஒன்று மட்டும் ஏறும். அதன் ஐம்பதாவது நிமிஷத்தில் அமைதி வரும். அந்த இடத்தில் வரவேண்டிய எண் 4.079.