நோட்டு வழக்கா, செக் வழக்கா?

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்களும் கொலுசுப் பட்டறைக்காரர்களும் அவசரத்துக்குக் கைமாத்து வாங்குவது சேலத்தில் வழக்கம்தான். கொடுப்பவர் புரோநோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் பத்திரம்) கையெழுத்து வாங்குவார், கூடவே தேதி போடாத செக் ஒன்றையும் வாங்கிக்கொள்வார். பணம் திரும்பாதபோது எந்தக் காகிதத்தோடு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் போவது?

முதலில் நோட்டு. கையெழுத்து உண்மை என்று நிரூபித்துவிட்டால், பணம் கைமாறியது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவு தரும் பலம் இது. 'நான் பணமே வாங்கவில்லை' என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டைப் பின்னால் அபராதம் கட்டிக்கூடச் சாட்சியத்தில் சேர்க்க முடியாது. பல பேர் கோட்டை விடுவது இந்தச் சின்ன ஸ்டாம்ப்பில்தான்.

அடுத்தது காலக்கெடு. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 வருடம். எங்கள் அப்பா உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்த பணம் இப்படித்தான் போனது. அவர் மாதாமாதம் வட்டியைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நம்பினோம். கெடு முடிவதற்குள் நோட்டின் பின்பக்கம் அந்த வட்டியை வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடியிருக்கும். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

செக் வழக்கின் பலம் பயம். செக் பணமில்லாமல் திரும்பினால், அதே சட்டத்தின் 138ஆம் பிரிவில் 2 வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். நோட்டு வழக்கில் வாய்தா வாங்கியே காலம் கடத்துபவர்கூட இதில் பேச வருவார். ஆனால் இங்கே கடிகாரம் வேகமாக ஓடும். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பியதாகத் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததும் பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இன்னொரு ஆபத்தும் உண்டு. பாதிக் கடன் திரும்பிய பிறகு செக்கில் முழுத்தொகையை எழுதிப் போட்டால், 138 வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். நண்பர்தானே என்று வெற்றுக் காகிதம் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உறவுக்குள்ளும் நீண்ட காலத்துக்கும் கொடுக்கும் பணத்துக்கு நோட்டுதான் சரி. வரவை ஒழுங்காக எழுதினால் போதும். வியாபாரத்தில் தவணை தேதி உறுதியாக இருந்தால் செக். இரண்டும் கையில் இருந்தால் இரண்டு வழக்கும் ஒரே நேரத்தில் நடத்தலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

எந்த வழக்கைப் போட்டாலும் அப்புறம் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே சமரசமானால் நோட்டு வழக்குக்குக் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும், அப்பீல் கிடையாது. செக் வழக்கில் எழுதும் சமரசத்துக்கும் சிவில் கோர்ட் தீர்ப்பாணையின் (டிகிரி) மதிப்புதான். சொன்னபடி பணம் வராவிட்டால் அதை வைத்தே ஜப்திக்கு மனு போடலாம், அதற்கு 12 வருடம் கெடு இருக்கிறது.