பொக்கா-யோக்கே, கன்ட்ரோல் சார்ட், முழு இன்ஸ்பெக்‌ஷன்: எந்த ரிஜெக்‌ஷனுக்கு எது?

அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ இருக்கும் ஒரு பட்டறைக்கு ஒரகடம் கார் ஆலையிலிருந்து புகார் வந்தால் முதலில் என்ன நடக்கும்? டெஸ்பாட்ச் மேசையில் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்து, எல்லா ஜாபையும் (செய்த பாகத்தையும்) பார்த்து அனுப்பச் சொல்வார்கள். இதுதான் முழு இன்ஸ்பெக்‌ஷன். அன்றைக்கு அது சரிதான். கைவசம் இருக்கும் ஸ்டாக்கைச் சலிக்க வேறு வழி கிடையாது. ஆறு மாதம் கழித்தும் அந்த இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அதுதான் தவறு. மனிதக் கண்ணுக்கு நூறு கெட்ட பீஸில் இருபது வரை தப்பிவிடும் என்பது தரத்துறையின் பழைய கணக்கு. இரண்டு பேர் அடுத்தடுத்துப் பார்த்தாலும் பெரிதாக மாறாது. அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிடுவார்கள்.

மாற்று இரண்டு உண்டு: பொக்கா-யோக்கே, கன்ட்ரோல் சார்ட். எதை எடுப்பது என்பதை ரிஜெக்‌ஷனின் குணம்தான் முடிவு செய்ய வேண்டும்.

துளை போட மறந்தது, ஜாபைத் திருப்பி மாட்டியது போன்ற ‘உண்டு, இல்லை’ வகைத் தவறுக்குப் பொக்கா-யோக்கே, அதாவது தவறை நடக்கவிடாத, நடந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் எளிய ஏற்பாடு. 1961இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ காட்டிய உதாரணம் இன்றைக்கும் பாடம். இரண்டு பொத்தான் கொண்ட சுவிட்சில் பொத்தானுக்கு ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளி சிலசமயம் மறந்துவிடுவார். ஷிங்கோ செய்தது, ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னால் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சிறு தட்டில் எடுத்து வைக்கச் சொன்னது. முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சினால் அந்தக் கணமே தெரிந்துவிடும். செலவு ஒரு தட்டு.

நம் பட்டறையில் செய்யும் ஒரு பிரேக்கெட்டுக்கும் அப்படித்தான். 8.5 மி.மீ. துளை விடுபடுகிறதென்றால், அடுத்த ஆபரேஷனின் பிக்ஸரில் (ஜாபைப் பிடித்துவைக்கும் அமைப்பில்) அந்த இடத்தில் ஒரு பின் (முளை) வையுங்கள். துளை இல்லாத ஜாப் உட்காரவே உட்காராது. பின்னை 8.4 என்று இறுக்கமாக வைப்பதுதான் வழக்கமான பிழை. பிசிர் உள்ள நல்ல பீஸும் மாட்டாது, உற்பத்தி தடைபடும், ஒரு வாரத்தில் யாராவது பின்னை கிரைண்டரில் தேய்த்துவிடுவார்கள். துளை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் 8.0 போதும். பின்னுக்குப் பதில் சென்சார் வைத்தால், ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் சிவப்பு பெயின்ட் அடித்த கெட்ட பீஸ் ஒன்றைப் போட்டு மெஷின் நிற்கிறதா என்று சோதியுங்கள். செத்துப்போன சென்சார் தானாகச் சொல்லாது.

அளவு மெல்ல நகர்ந்து கெடும் ஜாபுக்கு இந்தப் பின் உதவாது. அங்கே கன்ட்ரோல் சார்ட் வேண்டும், அதாவது அவ்வப்போது எடுத்த அளவுகளின் சராசரியைப் புள்ளியாகப் போட்டு, எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் வரைபடம். 1924இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் வரைந்த அதே சார்ட்தான். 20.00 ± 0.02 மி.மீ. ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 பீஸ் வீதம் 25 தொகுதி அளக்கிறோம். சராசரி 20.004, ரேஞ்ச் (ஒரு தொகுதியின் பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் உள்ள வித்தியாசம்) சராசரி 0.012. ஐந்து பீஸ் தொகுதிக்கான அட்டவணை எண் 0.577ஆல் ரேஞ்சைப் பெருக்கி, சராசரியோடு கூட்டிக் கழித்தால் எல்லைக்கோடுகள் 19.997, 20.011. டிராயிங்கில் உள்ள 19.98, 20.02ஐ இந்தச் சார்ட்டில் கோடாகப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது சார்ட்டையே குருடாக்கிவிடும், ஏனென்றால் ஐந்தின் சராசரி தனிப் பீஸைவிடக் குறைவாகத்தான் அசையும்.

ரேஞ்சை அதே அட்டவணையின் 2.326ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது தனிப் பீஸின் சிதறல், 0.00516. சிபி (டாலரன்ஸ், அதாவது டிராயிங் அனுமதிக்கும் மொத்த வேறுபாடு, ஆறு சிக்மாவுக்கு எத்தனை மடங்கு என்பது) 1.29, சிபிகே (சராசரி நடுவிலிருந்து தள்ளியிருப்பதையும் சேர்த்த கணக்கு) 1.03. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சொல்வது இது: மெஷின் ஓரளவு சுமார், செட்டிங்தான் 4 மைக்ரான் (0.004 மி.மீ.) தள்ளியிருக்கிறது. ஆஃப்செட்டை (மெஷினில் டூலின் நிலையை மாற்றும் அளவை) திருத்தினால் சிபிகே 1.29 வரை ஏறும். வாடிக்கையாளர் 1.33 கேட்டால் ஆஃப்செட் மட்டும் போதாது. ஸ்பிண்டில், சக், இன்சர்ட் என்று தேட வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சிதறல் இன்னும் கூடும். கோட்டைத் தாண்டினால், அல்லது இன்சர்ட் தேய்ந்து புள்ளிகள் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், அப்போது தொடுங்கள்.

அந்த 4 மைக்ரான் நிஜமா என்று முதலில் பாருங்கள். மே மாதத்தில் ஏசி அறையிலிருந்து 22 டிகிரியில் எடுத்து வந்த மைக்ரோமீட்டரும், கூரைக்குக் கீழே 37 டிகிரியில் கிடக்கும் ஷாஃப்டும் 15 டிகிரி வித்தியாசத்தில் இருக்கின்றன. 20 மி.மீ. எஃகுக்கு அது மட்டுமே சுமார் 3.5 மைக்ரான். கருவியை அரை மணி நேரமாவது ஜாபின் பக்கத்தில் வைத்த பிறகு அளக்க வேண்டும். 0.01 வரை மட்டும் காட்டும் மைக்ரோமீட்டர் இந்த ஜாபுக்கு உதவாது; டாலரன்ஸின் பத்தில் ஒன்றையாவது காட்ட வேண்டும், அதாவது 0.004. கையில் 0.001 கருவி இல்லையென்றால், அதை வாங்கிய பிறகு சார்ட் போடத் தொடங்குங்கள்.

டெஸ்பாட்ச் மேசையில் இருக்கும் இருவரை, பின் வைத்த பிறகோ சார்ட் நிலைப்பட்ட பிறகோ உடனே எடுத்துவிடாதீர்கள். தொடர்ந்து சில லாட்டுகளில் ஒரு கெட்ட பீஸும் அவர்கள் கையில் சிக்காதபோது எடுங்கள்.