‘அதை’யும் ‘அவருக்கு’ம் எங்கே வரும்? தமிழ்வழி பிரெஞ்சுப் பயிற்சிப் புத்தகம்: ஒரு மதிப்பீடு

ஹட்டன், பண்டாரவளை டவுன் புத்தகக் கடைகளில் பச்சை அட்டையும் சுருள் கம்பியும் போட்ட ஒரு பிரெஞ்சுப் பயிற்சிப் புத்தகம் கிடைக்கிறது. 112 பக்கம், விலை 950 ரூபாய். எல்ல பக்கம் கைட் வேலை பார்ப்பவர்களும், நுவரெலியா ஹோட்டல்களில் வேலை செய்பவர்களும், பிரான்சில் இருக்கும் குடும்பத்தோடு சேரக் காத்திருப்பவர்களும் வாங்கிப் போகிறார்கள். எண்கள், கிழமைகள், வணக்கம் சொல்வது எல்லாம் வேறு எங்கும் இருப்பது போலத்தான் இதிலும் இருக்கின்றன. ஐந்தாம், ஆறாம் பாடங்களுக்காகவே இதை வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. ‘அதை’, ‘அவரை’, ‘அவருக்கு’ என்ற சொற்களையும் வினையெச்சத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பது பற்றிய பாடங்கள் அவை.

இங்கே பிரெஞ்சு படிப்பவர்களில் அநேகர் இங்கிலீஷ் வழியாகத்தான் படிக்கிறார்கள். இங்கிலீஷில் ‘அதை’ என்ற சொல் வினைக்குப் பின்னால் வரும். அந்தப் பழக்கத்தில் ‘நான் அவரைப் பார்க்கிறேன்’ என்பதை ‘ஜ வுவா ல’ என்று சொல்லிவிடுவார்கள். சரியானது ‘ஜ ல வுவா’. நான், அவரை, பார்க்கிறேன்: தமிழின் வரிசையேதான். வினையெச்சம் வந்தாலும் அப்படித்தான். ‘நான் அதை வாங்கப் போகிறேன்’ என்பதில் ‘வாங்க’வுக்கு முன்னால் ‘அதை’ நிற்கிறது. பிரெஞ்சிலும் ‘ஜ வே லஷ்தே’. ‘போகிறேன்’ என்ற ‘வே’க்கு முன்னால் அல்ல, ‘அஷ்தே’யின் தலையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஒற்றுமையைப் புத்தகம் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் பேசும் மொழியிலேயே விதி இருக்கும்போது இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்கிறது. தமிழில் ‘அதை நாளைக்கு வாங்கப் போகிறேன்’ என்று இடையில் வேறு சொல்லை நுழைக்கலாம். பிரெஞ்சில் முடியாது. ‘நாளைக்கு’ என்ற ‘தமேன்’ வழக்கமாக வாக்கியத்தின் தொடக்கத்துக்கோ கடைசிக்கோ போகும்: ‘ஜ வே லஷ்தே தமேன்’.

ஐந்தாம் பாடத்தின் வழிமுறை எளிது. தமிழ் வாக்கியத்தை எழுதி, ‘ஐ’ உருபையும் ‘கு’ உருபையும் வட்டமிட வேண்டும். ‘ஐ’ வந்தால் ல, லா, லே மூன்றில் ஒன்று. படர்க்கையில் ‘கு’ வந்தால் ஒருவருக்கு லுயி, பலருக்கு லேர். அடுத்து, அந்தச் சொல் எந்த வினைக்கு உரியது என்று பார்த்து, அந்த வினையின் முன்னால் வைக்க வேண்டும். ‘அவருக்கு போன் பண்ணப் போகிறேன்’: ‘ஜ வே லுயி தெலெஃபொனே’. சாதாரண தரத் தமிழில் வேற்றுமை படித்த பிள்ளைக்கு இது ஒரு மணி நேர வேலை. ‘இல் ம ஃபோ’ என்றால் ‘எனக்கு வேண்டும்’, ‘ஸா ம ப்ளே’ என்றால் ‘எனக்குப் பிடிக்கிறது’. இவை இரண்டும் நான்காம் வேற்றுமையோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஆனால் எல்லா வினையும் பொருந்தாது. 71ஆம் பக்கப் பட்டியல்தான் புத்தகத்தின் உயிர். அது இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும். நாம் ‘அவருக்கு’ உதவுகிறோம், பிரெஞ்சுக்காரர் ‘அவரை’ உதவுகிறார்: ‘ஜ வே லெதே’. நாம் ‘அவருக்கு’ நன்றி சொல்கிறோம், அங்கே அது ‘அவரை’: ‘ஜ லா ரமெர்சி’. ‘அவருக்காகக்’ காத்திருப்பதும் அப்படியே, ‘ஜ வே லத்தாந்த்ர்’. இந்த மூன்றிலும் நம்மவர்கள் ‘லுயி’ போட்டுவிடுவார்கள். எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. ‘அவரிடம் சொல்ல’, ‘அவரிடம் கேட்க’, ‘அவரோடு பேச’ மூன்றுமே பிரெஞ்சில் ‘லுயி’ எடுக்கும்: லுயி தீர், லுயி தமாந்தே, லுயி பார்லே. ‘அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்’ என்று பேசிப் பழகியவர் ‘ஐ’யை நம்பி ‘ல தமாந்தே’ என்று எழுதினால் ‘அவரை வரச்சொல்லிக் கேட்பது’ போல அர்த்தம் மாறிவிடும். ‘அவரைப் போல இருக்கிறான்’ என்பதற்கும் ‘லுயி’தான். இந்தக் கடைசி வினை பட்டியலில் இல்லை. கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைட் வேலையில் பல வருஷம் பிரெஞ்சு பேசியவர்களுக்குக்கூட இந்தப் பிழை தெரியாமலே போவதற்குக் காரணம் உண்டு. ம, த, நூ, வூ என்ற தன்மை, முன்னிலைச் சொற்கள் ‘ஐ’க்கும் ‘கு’வுக்கும் ஒரே வடிவம்தான். ‘உங்களுக்கு உதவட்டுமா?’ என்று நாள் முழுக்கக் கேட்டாலும் ‘வூ’ எப்போதும் சரியாகவே இருக்கும். மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் தடுக்கும்.

ஆறாம் பாடம் வினையெச்சத்தைச் சுற்றியது. மூன்று இடங்களை நன்றாக விளக்குகிறது. முதலாவது, ‘த ல’. பெயருக்கு முன்னால் ‘த’வும் ‘ல’வும் சேர்ந்தால் ‘து’ ஆகும். ஆனால் இந்த ‘ல’ ‘அதை’ என்று அர்த்தம் தரும்போது சேராது: ‘அதை எடுக்க மறந்துவிட்டேன்’ என்பது ‘ஜே உப்லியே த ல ப்ராந்த்ர்’. ‘து ப்ராந்த்ர்’ என்று எழுதினால் பிழை. விதியை நன்றாகப் படித்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குவார்கள். இரண்டாவது, எதிர்மறை. வினையெச்சத்தை மறுக்கும்போது ‘ந பா’ இரண்டும் சேர்ந்து முன்னால் வரும்: ‘அதைத் தொடாமல் இருப்பது நல்லது’ என்பதில் ‘ந பா ல தூஷே’. மூன்றாவது, ஏவல். ‘அதை எனக்குத் தாருங்கள்’ என்றால் ‘தொனே-ல-முவா’, எல்லாம் பின்னால். ‘தராதீர்கள்’ என்றால் ‘ந ம ல தொனே பா’, மறுபடியும் முன்னால்.

செய்விக்கும் வினைக்குப் புத்தகம் கொடுத்திருப்பது ஒரு சின்னப் பெட்டி மட்டும். அது போதாது. ‘பைக்கைத் திருத்தக் குடுக்கிறேன்’ போன்ற வாக்கியத்தில், இவ்வளவு நேரம் படித்த விதிப்படி ‘அதை’ வினையெச்சத்தின் முன்னால் வர வேண்டும். வராது. ‘செய்ய’ என்ற ‘ஃபேர்’ வந்தால் ‘அதை’ முதல் வினைக்கு முன்னால் ஏறிவிடும்: ‘ஜ ல ஃபே ரெபரே’. பார்க்க, காதால் கேட்க, விட என்ற வினைகளும் அப்படி: ‘அவர் போவதைப் பார்த்தேன்’ என்பது ‘ஜ லே வூ பார்த்தீர்’. இதோடு விடைப்பகுதியில் ஒரு தவறும் இருக்கிறது. பெண்பால் பொருளைத் திருத்தக் கொடுத்ததாக வரும் பயிற்சியில் ‘ஜ லே ஃபெத் ரெபரே’ என்று விடை போட்டிருக்கிறார்கள். வினையெச்சம் பின்னால் வரும்போது ‘ஃபே’ பால் மாறாது. ‘ஜ லே ஃபே ரெபரே’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது உதவிதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ‘நீ’ என்ற சொல்லுக்கும் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கும் ‘தூ’ என்றே போட்டிருக்கிறார்கள். முதலாவதை, ‘ஈ’ சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே நாக்கை வைத்து, உதட்டை மட்டும் குவித்துச் சொல்ல வேண்டும். ‘அவற்றை வாங்கப் போகிறேன்’ என்பதை ‘லே அஷ்தே’ என்று பிரித்து எழுதியிருப்பது இன்னும் பெரிய குறை. ‘லே’க்கும் உயிரெழுத்துக்கும் நடுவே தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒலி கட்டாயம் வரும், தமிழில் அதற்கு எழுத்து இல்லை, கிட்டத்தட்ட ‘லே-ஸஷ்தே’. ஒலிப்பதிவு கியூஆர் கோடில் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் சிக்னல் நிற்காத இடங்கள் உண்டு என்பதால், டவுனில் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துவிடுவது நல்லது.

புத்தகம் சொல்லவே சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பேச்சுத் தமிழில் நாம் ‘அதை’யை விட்டுவிடுகிறோம். ‘டிக்கெட் எடுத்துட்டீங்களா?’ என்றால் ‘எடுத்துட்டேன்’ என்பதே முழுப் பதில். அதே பழக்கத்தில் ‘ஜே ப்ரீ’ என்று நிறுத்தினால் பிரெஞ்சுக் காதுக்கு வாக்கியம் பாதியில் அறுந்தது போல இருக்கும். ‘ஜ லே-ஸே ப்ரீ’ என்று ‘அவற்றை’யைச் சொல்லியே ஆக வேண்டும். ‘ரெண்டு குடுங்க’ என்பதும் அப்படித்தான்: ‘ஜ வெ தெ’ போதாது, ‘ஜான் வெ தெ’. ‘அதில்’, ‘அவற்றில்’ என்று அர்த்தம் தரும் இந்த ‘ஆன்’ என்ற சொல்லுக்குப் புத்தகம் அரைப் பக்கம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பயிற்சியிலும் தமிழ் வாக்கியத்தை எழுத்துத் தமிழில், விட்டுப்போன ‘அதை’யைச் சேர்த்து எழுதிவிட்டு அதன் பிறகு பிரெஞ்சுக்குப் போங்கள்.

டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித்திறன் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு பாடங்களும் நேரடியாகப் பயன்படும். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. எழுத்துப் பகுதியின் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அழைப்புக்குப் பதில் எழுதுவது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது என்றே வரும். 71ஆம் பக்கத்தில் ‘ரமெர்சியே’, ‘எதே’ இரண்டுக்கும் எதிரே பென்சிலால் பெரிதாக ‘ஐ’ என்று எழுதி வையுங்கள்.