போட்டிப் பரீட்சையா, ஏஏடியா, ரியூசனா? கம்பஸ் மாலை நேரத்தை எதற்குக் கொடுப்பது

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இரண்டாம் வருடத்துக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு வழிகளைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். அரச வேலைக்கான போட்டிப் பரீட்சைக்குப் படிப்பது, ஏஏடி, சிஏ போன்ற கணக்காளருக்கான தொழில்சார் பரீட்சைகளை எழுதுவது, ரியூசன் கொடுப்பது, இணையத்தில் வேலை எடுத்துச் செய்வது. நான்கும் கேட்பது விரிவுரை முடிந்த பிறகு கிடைக்கிற அதே மாலை நேரத்தை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் கைக்கு வராது. தெரிவு செய்தே ஆக வேண்டும்.

முதலில் அரச வேலை. "எப்படியாச்சும் ஒரு கவர்மெண்ட் வேலைக்குள்ள பூந்திடு புள்ள" என்று வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியம் உண்டு, ஊரோடு இருக்கலாம், 2022 நெருக்கடியில் தனியார் துறை ஆட்டம் கண்டபோதும் மாதச் சம்பளம் வந்தது. ஆனால் நியமனம் வருமென்று காத்திருப்பது வேறு, பரீட்சை எழுதிப் பிடிப்பது வேறு. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். 2020இல் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தார்கள், மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. இப்படியொரு மொத்த நியமனம் அடுத்து எப்போது வரும் என்பது மாணவர் கையில் இல்லை. பரீட்சைக்குத் தயாராவது கையில் இருக்கிறது.

அதிலும் வயதுக் கணக்கைப் பாருங்கள். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு 22 முதல் 28 வயது வரைதான் விண்ணப்பிக்கலாம். ஏஎல் இரண்டாம் தடவை எழுதி, வெட்டுப்புள்ளி வரும்வரை இருந்து, கம்பஸுக்குள் கால் வைக்கும்போதே 21, 22 ஆகிவிடுகிறது. நான்கு வருட விசேட பட்டம் என்றால் பெறுபேறு வர 26. மிச்சம் இரண்டே வருடம். பரீட்சையும் வருடம் தவறாமல் நடப்பதில்லை. பட்டம் கிடைத்த பிறகு புத்தகத்தைத் திறப்பவருக்கு ஒரு தடவை வாய்த்தால் பெரிய விஷயம். இந்தப் பரீட்சையில் வருகிற நுண்ணறிவு வினாக்களுக்குப் பட்டம் தேவையில்லை, பயிற்சிதான் தேவை. கடந்தகால வினாத்தாளில் ஒன்றை நேரம் வைத்துச் செய்து, பிழைத்த கணக்குகளை மட்டும் தனிக் கொப்பியில் திரும்பச் செய்கிற பிள்ளைக்கு இறுதி வருடத்துக்குள் வேகம் தானாக வரும். பரீட்சை அறிவித்தல்கள் வருகிற வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கமும் இப்போதே வரட்டும். தமிழ் மொழிமூலம் படிக்கிற கலைப்பீட மாணவருக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

வர்த்தக முகாமைத்துவ மாணவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஏஏடியும் அதன் பிறகு சிஏயும் மேல். போட்டிப் பரீட்சையில் நன்றாக எழுதியும், உங்களைவிட நன்றாக எழுதியவர்களோடு இடங்கள் முடிந்துவிடலாம். தொழில்சார் பரீட்சையில் சித்திப் புள்ளி எடுத்தால் சித்திதான், யாரும் அதைத் தடுக்க முடியாது. கம்பஸில் படிக்கிற கணக்கியலும் சட்டமும் அங்கே பாதிச் சுமையைக் குறைக்கும். ஏஏடியின் மூன்று நிலைகளையும் தமிழிலேயே எழுதலாம். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்என்டிஏ என்கிற கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இதில் கடினமான இடம் சிஏ கேட்கிற மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சி. நம் பக்கத்தில் கணக்காய்வு நிறுவனங்கள் குறைவு, பெரும்பாலானோர் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. வாடகை அறை, கடைச் சாப்பாடு, பயிலுனருக்குக் கொடுக்கிற சின்னக் கொடுப்பனவு. வீட்டில் ஒரு வருடமாவது தாங்க முடியுமா என்பதைப் பதிவுப் பணம் கட்டுவதற்கு முன்னமே அம்மா அப்பாவோடு இருந்து பேசிவிடுங்கள்.

ரியூசனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் விழுவது இங்கேதான். தொடக்கம் நல்லதுதான். ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு தகரக் கொட்டில், நாலு வாங்கு, ஒரு கரும்பலகை. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேர். முதல் மாதக் காசு கைக்கு வரும்போது வீட்டுக்குச் சுமையில்லை என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை, தகப்பன் கடலுக்குப் போகாத மாதத்தில் அதுதான் வீட்டை நடத்தும். பிறகு ஓஎல் வகுப்பு சேரும், சனி ஞாயிறும் போகும், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடக்குறிப்பை, அதாவது ரியூட்டை, அடிக்கிற வேலை இரவைத் தின்னும். இறுதி வருடத்தில் பார்த்தால் வருமானம் இருக்கும். சான்றிதழ், அனுபவக் கடிதம் எதுவும் சேர்ந்திருக்காது, பட்டத்தின் தரமும் இறங்கியிருக்கும். ஆசிரியர் வேலைக்கே போகப்போகிறவருக்கு ரியூசன் நல்ல பயிற்சி. மற்றவர்கள் கிழமைக்கு இரண்டு மாலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பரீட்சைக் கட்டணமும் போக்குவரத்தும் அதில் வந்துவிடும்.

இணைய வேலை கணினி, தொழில்நுட்பம், பொறியியல் படிப்பவர்களுக்கு ஏற்றது. ஆங்கிலத்தில் வாடிக்கையாளரோடு எழுதிப் பேசத் தெரிந்தால் அக்கரைப்பற்றில் இருந்துகொண்டே செய்யலாம். ஆனால் ஃபைவர் போன்ற இணைய வேலைத் தளத்தில் லோகோ கீறிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், மூன்றாம் வருடத்துக்குள் முழுதாக முடித்த ஒரு மென்பொருளையாவது காட்டக்கூடியதாக வைத்திருங்கள். கொழும்பு நிறுவனத்தில் பயிற்சி கேட்கும்போது அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

எந்த வழியில் போனாலும் சிங்களத்தை விட்டுவிடாதீர்கள். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. கொழும்புக் கணக்காய்வு நிறுவனத்திலும் வாடிக்கையாளரின் களஞ்சியத்துக்குப் போய்ச் சரக்கு எண்ணுகிற நாளில் அதுதான் கைகொடுக்கும். இரண்டு வளாகத்திலும் சிங்கள மாணவர்கள் பக்கத்து வாங்கிலேயே இருக்கிறார்கள். கன்டீனில் ஒரு தேநீருக்கு அவர்களோடு சிங்களத்தில் பேசிப் பாருங்கள், பதிலுக்கு அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள். இதற்கு மாலை நேரத்தில் தனியாக இடம் ஒதுக்கவும் தேவையில்லை.